மறுமொழி: ‘ஆசிரியபீடத் தன்னுரிமை’ என்றே வைத்துக்கொள்ளலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பத்திரிகையில் எதை வெளியிடுவது என்பதை உரிமையாளரின் தலையீடு இல்லாமல் ஆசிரியர் குழுவே முடிவு செய்வதை ஆங்கிலத்தில் எடிட்டோரியல் இண்டிபெண்டன்ஸ் என்கிறார்கள். அதற்கு நம் குழுமத்தில் இதுவரை ஆசிரியர் சுதந்திரம், தலையங்கச் சுதந்திரம், ஆசிரியர் குழுத் தன்னாட்சி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் சொல், சாயல்குடி ஐயா எழுதியதுபோல, பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறது. அது மட்டும் குறையில்லை. ஒரு தனி மனிதரின் சுதந்திரமாக அது சுருங்கிவிடுகிறது. ஆசிரியர் நாற்காலியில் இணக்கமான ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவர் சுதந்திரமாகத்தான் இருக்கிறார் என்று எந்த முதலாளியும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது சொல்லை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஜெஃப் பெசோஸ் 2013-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை 25 கோடி டாலருக்கு வாங்கினார். 2024 அக்டோபரில், அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸை ஆதரித்து எழுதப்பட்டிருந்த தலையங்கம் வெளிவராமல் நின்றது. இனி எந்த அதிபர் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. அதே வாரத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸிலும் ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் தடுக்கப்பட்டது. அங்கே உரிமையாளர் பேட்ரிக் சூன்-ஷியாங். தலையங்கப் பகுதியின் ஆசிரியர் மாரியல் கார்சா பதவி விலகினார். முதலாளிக்காகப் பேசுபவர்கள் இதற்குச் சொல்லக்கூடிய வாதம் ஒன்று உண்டு: தலையங்கம் உரிமையாளரின் குரல், செய்திப் பக்கங்களை யாரும் தொடவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் கேலிச்சித்திரக் கலைஞர் ஆன் டெல்னஸ் வாஷிங்டன் போஸ்டை விட்டு விலகியது ஒரு கேலிச்சித்திரத்துக்காக. டிரம்ப்பின் சிலை முன் பெசோஸ் உள்ளிட்ட செல்வந்தர்கள் மண்டியிடுவதாக அவர் வரைந்திருந்தார். அதை வெளியிட மறுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் கருத்துப் பக்கங்கள் தனிமனித உரிமையையும் கட்டற்ற சந்தையையும் ஆதரித்தே எழுதும் என்று பெசோஸ் அறிவித்தார். கருத்துப் பகுதி ஆசிரியர் டேவிட் ஷிப்லி வெளியேறினார். இத்தனையையும் பார்த்த பிறகு தலையங்கம் என்ற ஒற்றைப் பெட்டிக்குள் இந்த உரிமையை நாமே அடைத்து வைக்கலாமா?

தன்னாட்சி நல்ல சொல்தான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி என்று பேசிப் பழகிய நமக்கு, மேலே ஒருவர் கொடுத்தது, அவர் நினைத்தால் திரும்பப் பெறக்கூடியது என்ற பொருளும் கூடவே வருகிறது. ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் 1981-இல் லண்டன் டைம்ஸை வாங்கியபோது ஆசிரியரின் வேலையில் தலையிடுவதில்லை என்று உறுதிமொழிகள் கொடுத்தார். ஆசிரியர் ஹெரால்டு எவன்ஸ் 1982-லேயே வெளியேற நேர்ந்தது. கொடுக்கப்பட்ட ஒன்று எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே தன்னுரிமை.

இனி சொல்லின் முற்பாதி. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில், ஆசிரியபீடம் என்ற சொல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர், துணை ஆசிரியர்கள், செய்திப் பிரிவு எல்லாரும் சேர்ந்த இடம் அது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ராமேசுவரத்துக்கும் தொண்டிக்கும் அந்தத் தமிழ் அந்நியமானது அல்ல. பீடம் வடசொல் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனாலும் தமிழ் இதழாளர்கள் தாங்களே புழங்கும் சொல்லைவிட நாம் இன்று உட்கார்ந்து செய்யும் சொல் வலுவாக நிற்காது. உரிமை ஆளுக்கு அல்ல, அந்த இடத்துக்கு உரியது என்ற பொருளும் அதில் கிடைத்துவிடுகிறது.

பணம் போட்டவருக்குப் பேச உரிமை இல்லையா என்று தொண்டி அம்மா கேட்டிருந்தார்கள். விசைப்படகு அதன் உரிமையாளரான சம்மாட்டியுடையது, நட்டமும் அவருடையதே. ஆனால் வலையை எந்த இடத்தில் இறக்குவது என்பதைக் கடலில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். கரையில் இருந்துகொண்டு அதைத் தீர்மானிக்கும் சம்மாட்டியை எந்த டிரைவரும் மதிக்கமாட்டார். பணம் போட்டவரின் உரிமைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு.

இது அமெரிக்காவின் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்தது. அதை அமைத்த அதானி குழுமமே 2022-இல் செய்தித் தொலைக்காட்சி நிறுவனமான என்.டி.டி.வி.யின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. எந்தச் செய்தியையும் யாரும் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கமுதியைப் பற்றி ஒரு நிருபர் எழுத நினைத்தால் அதை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்கும் உரிமை வாசகருக்கு வேண்டும். பத்திரிகையின் உரிமை விவரங்களை வெளியிடுவதற்காக 1956-ஆம் ஆண்டு விதிகள் கொண்டுவந்த நான்காம் படிவத்தை, பிப்ரவரி முடிந்ததும் வந்த இதழின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் பெயருக்கு ஓர் இடம், உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பெயருக்கும் ஓர் இடம். ஆசிரியரை உரிமையாளர் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு மட்டும் அதில் இடம் இருக்கவில்லை.

இன்னொரு சொல்லும் நமக்குத் தேவைப்படுகிறது. தேவிபட்டினம் பக்கம் பகுதிநேர நிருபராக இருக்கும் நண்பர் ஒருவர், இறால் பண்ணைக் கழிவுநீர் பற்றி எழுதுவதை விட்டுவிட்டார். யாரும் தடுத்தார்களா என்று கேட்டேன். “யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை அனுப்பினேன், வரவில்லை. பிறகு நான் அனுப்பவில்லை” என்றார். இதைச் சுயதணிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியதை வெட்டுவதுதான் தணிக்கை. இங்கே எழுத்தே பிறக்கவில்லை. உத்தரவு வருவதற்கு முன்பே குனிந்துவிடும் இந்த நிலைக்கு ‘முன்பணிவு’ என்று முன்மொழிகிறேன். ‘உடைமையாளர் தலையீடு’ என்ற சொல் இருக்கட்டும். தொலைபேசியில் மிரட்டல் வந்தால் அதைப் பயன்படுத்தலாம். நம் ஊரில் பெரும்பாலும் அந்தத் தொலைபேசி அழைப்புக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரித்து நாளிதழ் எழுதுவதற்கு ‘ஆதரவுத் தலையங்கம்’ போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஆசிரியபீடத் தன்னுரிமை, முன்பணிவு, ஆதரவுத் தலையங்கம் ஆகிய மூன்று சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.