ஜூடோ பழக்கம், ஜூ-ஜிட்சுவில் முதுகு பறிபோகுது

9 வருஷம் ஜூடோ, 73 கிலோ பிரிவு, பிரவுன் பெல்ட். நாலு மாசமா சென்னையில வாரம் ரெண்டு நாள் பிரேசிலியன் ஜூ-ஜிட்சு. நிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. தரைக்குப் போனதும் உடம்பு தானா குப்புற ஆமை மாதிரி சுருண்டுக்குது. ஜூடோன்னா நடுவர் கொஞ்ச நேரத்துல 'மட்டே' (நிறுத்து) சொல்லிடுவார். இங்க யார் சொல்வா? முதுகில ஏறி ரெண்டு காலையும் உள்ளே கோர்த்துடறாங்க (போட்டியில அதுவே 4 புள்ளி), அப்புறம் கழுத்தை நெரிக்கறதுதான். போன வாரம் ஒல்லியான ப்ளூ பெல்ட் பையன்கிட்ட மூணு தடவை தட்டினேன் (தோல்வியை ஒத்துக்கிட்டேன்).

முதுகைத் திருப்பி தோள் மேல எறியற செயோய் நாகேவை விட்டுட்டு, காலை வெளிப்பக்கமா வாரி வீழ்த்தற ஓசோட்டோ காரி போட்டுப் பார்த்தேன். எறியறப்போ முதுகு தப்பிச்சுது, ஸ்வீப் வாங்கினா (கீழ இருக்கிறவன் என்னைப் புரட்டிப் போட்டா) மறுபடி ஆமை. தோள்ல உருண்டு வரலாம்னா வலது தோள்ல பழைய காயம் இழுக்குது.

தோளை உருட்டாம, ஆமையில இருந்து ஹாஃப் கார்டுக்கு (கீழ இருந்து எதிராளியோட ஒரு காலை என் ரெண்டு காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிற நிலை) வர எந்த டிரில்லை முதல்ல பழகணும்?