இன்டர்வியூ நடுக்கமும் ரிஜெக்ட் மெயிலும்: எந்தச் சுற்றில் தட்டுகிறது என்று பார்த்தவர்கள் பகிர்வது (ஒவ்வொரு தலைப்பும் பேசுபவர் யார் என்பதைக் காட்டும்)

பேனல் பக்கம்

ஐடி சர்வீஸ் கம்பெனிகளுக்கு ஃப்ரெஷர் (படித்து முடித்த, அனுபவம் இல்லாதவர்கள்) எடுக்கும் டெக்னிக்கல் சுற்றுகளில் திரும்பத் திரும்பக் காண்பதை இங்கே வைக்கிறேன். வேலை கைநழுவியவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களை ஒன்றாக்கி, "எனக்கு இன்டர்வியூவே வராது" என்று முடித்துவிடுகிறார்கள். உடம்பு நடுங்குவது ஒன்று. பதில் தெரியாமல் இருப்பது இன்னொன்று. கம்பெனி தன் சொந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்பது மூன்றாவது. ஒன்றுக்குச் செய்யவேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் பலன் இருக்காது. டேட்டாபேஸில் இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் எழுதத் தெரியாதவர் மூச்சுப் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது? நன்றாகத் தெரிந்தும் நாக்கு ஒட்டிக்கொள்பவர் இன்னும் பத்து வீடியோ பார்த்தும் பயனில்லை.

அதனால் முதலில் ஒரு நோட்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி: தேதி, பதவி, எந்தச் சுற்றுவரை போனது, எங்கே நின்றது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் உருவம் தெரிந்துவிடும்.

அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயில். இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவம், கட்டங்கள், நட்சத்திரம் போட்ட திறன் பட்டியல் இதையெல்லாம் ரெஸ்யூமே வடிகட்டும் மென்பொருள் பல நேரம் தாறுமாறாகப் படிக்கும். ஒரே பத்தி, ஒரே பக்கம், பிடிஎஃப். விளம்பரத்தில் கேட்ட திறன் உங்களிடம் இருந்தால் அதே சொல்லால் எழுதுங்கள். கணக்கும் தர்க்கமும் பார்க்கும் ஆப்டிட்யூட் சுற்றில் நின்றால் நேரக் கணக்குதான் பிரச்சினை. ஒரு கணக்கில் 90 விநாடிக்கு மேல் ஆனால் விட்டுவிட்டு நகரும் பழக்கம் வரவேண்டும்.

டெக்னிக்கலில் நிற்பவர்களில் நிறையப் பேர் சொந்த ப்ராஜெக்டில்தான் விழுகிறார்கள். நூலக மேலாண்மை என்று எழுதியிருப்பார்கள். எத்தனை டேபிள், புத்தகத்தையும் உறுப்பினரையும் எந்தக் கீ இணைக்கிறது, ஒரே புத்தகத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அந்தப் பகுதியை டீம்ல இன்னொருத்தர் பண்ணார்" என்ற பதில் வரும். ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வி. பத்து நிமிஷம் பேசமுடியாத சொல்லை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் திணறுபவரையும் தெரியாமல் திணறுபவரையும் நல்ல பேனல் (கேள்வி கேட்கும் குழு) பிரித்துப் பார்க்கும். கேள்வியைச் சின்னதாக்கித் தரும், பேப்பர் தரும். தராவிட்டால் நீங்களே கேளுங்கள்: "எழுதிக் காட்டட்டுமா சார்?" இதைக் கேட்டதற்காக மார்க் குறைத்ததில்லை.

ஆலோசனை அறை

மேலே சொன்ன முதல் விஷயத்துக்கு, அதாவது உடம்பு நடுங்குவதற்கு, வருகிறேன்.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாகும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். மூச்சு மேல்நெஞ்சில் நிற்பதால் குரல் நடுங்கும். அந்த நேரம் கவனம் முழுக்க "என்ன நினைப்பாங்களோ" என்பதில் போவதால், படித்தது நினைவுக்கு வர இடமில்லாமல் போகிறது. மறந்துவிட்டது என்று நினைப்பீர்கள். வெளியே வந்து லிஃப்ட் ஏறியதும் பதில் முழுசாக வந்து நிற்கும்.

மூச்சு: மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடவேண்டும். ஐந்து நிமிஷம் போதும். வெளிமூச்சில்தான் இதயத்துடிப்பு தணியும், அதனால் விடுவது நீளமாக இருக்கவேண்டும். இங்கே தப்பு நடப்பது எப்படி என்றால், "ஆழமா மூச்சு விடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேகவேகமாகப் பெருமூச்சு இழுப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும். அறைக்கு வெளியே முதல்முறையாகச் செய்துபார்க்காதீர்கள். இரண்டு வாரம் தினமும் வீட்டில் செய்து பழகியிருந்தால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

"பதறாதே, அமைதியா இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவ்வளவாக உதவுவதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சு, கணக்கு, பாட்டு மூன்றிலும் பதற்றத்தை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தை அடக்குவது கடினம். அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

காபி குடித்துப் பழகியவர்கள் வழக்கமான ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் இரண்டாவது டம்ளர் உள்ளே போனால் கை நடுங்கும், அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மாக் பயிற்சி

ஆலோசனை அறை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். பயந்து ஒரு இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்டால் அந்த நிமிஷமே நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் "போகவேண்டாம்" என்று தோன்றும். அதனால் மாக், அதாவது ஒத்திகை இன்டர்வியூக்களில் படிப்படியாக ஏறவேண்டும்:

முதல் படி, போனில் உங்களையே வீடியோ எடுத்துப் பார்ப்பது. பார்க்கவே கூசும், மூன்றாவது தடவைக்குள் கூச்சம் இறங்கும். அடுத்தது நண்பர் கேள்வி கேட்பது. அடுத்தது அதிகம் பழக்கமில்லாத ஒருவர், சீனியரோ நண்பரின் அண்ணனோ. கடைசியில், கிடைத்தால் நல்லது என்ற அளவில் மட்டும் விருப்பமுள்ள கம்பெனியின் நிஜ இன்டர்வியூ. மிகவும் விரும்பும் கம்பெனியை முதல் இன்டர்வியூவாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதைவிட வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் மேல். ஒவ்வொரு முறையும் தயார் செய்யாத கேள்வி ஒன்றாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அது ஒப்பித்தல், பயிற்சி ஆகாது.

செல்ஃப் இன்ட்ரோவை வரிக்கு வரி மனப்பாடம் செய்வதுதான் பெரிய கண்ணி. நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் மீதி எல்லாம் சரிந்துவிடும். வரிகளுக்குப் பதிலாக மூன்று குறிப்புகளை மட்டும் மனதில் வையுங்கள்: என்ன படித்தேன், என்ன செய்து பார்த்தேன், இந்த வேலைக்கு அது எப்படிப் பொருந்தும். 60 முதல் 90 விநாடி. அப்பா வேலை, அம்மா வேலை, பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம், கேட்டால் சொல்லலாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்களுக்குத் தனியாக. உங்களுக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலப் பயம், இன்டர்வியூ பயம் இல்லை. மனதுக்குள் தமிழில் நீண்ட வாக்கியம் கட்டி அதை ஆங்கிலமாக்கப் போகும்போதுதான் சிக்குகிறது. எட்டுப் பத்துச் சொல்லில் வாக்கியத்தை முடியுங்கள், புள்ளி வையுங்கள், அடுத்ததைத் தொடங்குங்கள். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்வது, யோசிக்க ஒரு நிமிஷம் கேட்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தெரிந்த பக்கத்தைச் சொல்வது. இந்த மூன்றுக்கும் தலா ஒரு ஆங்கில வாக்கியம் நாக்கில் பழகியிருந்தால் போதும், பாதிக் கலக்கம் போய்விடும்.

ஓஎம்ஆர் தடம்

சின்ன விஷயம்தான், ஆனால் பதற்றத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) மெட்ரோ வேலை நடக்கிறது, மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வளாகங்களில் கேட்டில் பெயர் பதிந்து, அடையாள அட்டை காட்டி, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே போகவே இருபது நிமிஷம் ஆகலாம். ஆதார் அல்லது பான் ஒரிஜினல், மதிப்பெண் பட்டியல் ஒரிஜினலும் நகலும், ரெஸ்யூமே மூன்று பிரதி, போட்டோ நான்கு. எல்லாம் முந்தைய இரவே ஒரே ஃபைலில்.

ஆன்லைன் என்றால்: ஜன்னல் முன்னால் இருக்கவேண்டும், முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை முன்னாலேயே லேப்டாப்பில் இணைத்துச் சோதித்து வையுங்கள். ஹெச்ஆர் நம்பர் ஒரு பேப்பரில் எழுதிப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஹெச்ஆர் மேஜை

மூன்றாவது விஷயத்தை, கம்பெனியின் 'வேண்டாம்' என்பதை, இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இன்டர்வியூ நன்றாகப் போயும் வராமல் போவதற்குக் காரணங்கள்: ப்ராஜெக்ட் தள்ளிப்போய் அந்த இடமே நிறுத்தப்பட்டது. உள்ளேயிருந்து ஒருவரை மாற்றிவிட்டார்கள். அனுபவசாலி என்றால் 90 நாள் நோட்டீஸ், ஆனால் கிளையன்ட் 30 நாளில் ஆள் கேட்கிறார். எதிர்பார்க்கும் சம்பளம் அந்தப் படிநிலையின் உச்சத்தைத் தாண்டியது. இதில் எதுவும் மெயிலில் எழுதப்படாது, "வேறு விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்" என்று மட்டும் வரும். பல இடங்களில் அதுவும் வராது. அப்படிப் பதில்கூடச் சொல்லாமல் விடுவது விண்ணப்பித்தவருக்குச் செய்யும் அவமரியாதை, அதை மாற்றவேண்டியது எங்கள் பக்கம்தான்.

முடிவு தெரியாவிட்டால் ஐந்து வேலைநாள் கழித்து ஒரு மெயில். இன்னொரு வாரம் கழித்து இரண்டாவது. அதற்கும் பதிலில்லை என்றால் நோட்டில் அந்த வரியை மூடிவிடுங்கள். ரிஜெக்ட் ஆனபின் கருத்துக் கேட்பதானால் "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், யாரும் பதில் தரமாட்டார்கள். "டெக்னிக்கல் சுற்றில் நான் வலுப்படுத்தவேண்டிய ஒரு பகுதியைச் சொல்லமுடியுமா?" என்று மூன்றே வரியில் கேளுங்கள். கோபத்தில் எழுதியதை இரவில் அனுப்பவேண்டாம், மறுநாள் காலை படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு கம்பெனியின் முடிவுக்காகக் காத்திருக்கையில் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். எப்போதும் ஐந்தாறு இடங்கள் நடப்பில் இருந்தால் ஒரு 'வேண்டாம்' அத்தனை கனமாக விழாது.

ரிஜெக்ட் ஆன வாரத்தில்தான் ஏமாற்று அழைப்புகளுக்கு ஆள் எளிதில் சிக்குகிறார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

வங்கித் தேர்வு வட்டம்

அரசு, வங்கிப் பக்கம் இருப்பவர்களுக்கு. நேர்முகத்தின் எடை எவ்வளவு என்று தெரியாமல் பயப்படுகிறவர்கள் நிறைய. வங்கி அதிகாரிப் பணிக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வில் மெயின்ஸுக்கும் (முதன்மை எழுத்துத் தேர்வு) நேர்முகத்துக்கும் 80:20 விகிதம். நேர்முகத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம் குறைந்தபட்சம். யுபிஎஸ்சி குடிமைப் பணியில் மெயின்ஸ் 1750 மதிப்பெண், நேர்முகம் 275. மெயின்ஸ் நன்றாக எழுதியவரை ஒரு தடுமாற்றமான பதில் வீழ்த்தாது. அதே சமயம் கட்ஆஃப் ஓரத்தில் இருப்பவருக்கு அந்தக் கொஞ்சமே எல்லாம், அதனால் அலட்சியமும் கூடாது.

வங்கிப் பேனலில் கட்டாயம் வருவது, "இன்ஜினீயரிங் படிச்சிட்டு ஏன் பேங்க்?" வேலை பாதுகாப்பு என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி கடுமையாகும். உங்கள் ஊரின் தொழில், பயிர், அங்கே எந்த வங்கி முன்னோடி வங்கி (மாவட்டத்தில் வங்கிச் சேவைகளை ஒருங்கிணைக்கும் வங்கி), தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் ஏன் வாராக்கடன் என்கிறோம் இதெல்லாம் பேசத் தெரிந்திருந்தால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

ஆலோசனை அறை

ரிஜெக்ட் ஆனபின் மனசு ஆற என்ன செய்வது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எழுதுங்கள். ஸ்பெரா, புர்ஃபைண்ட், பென்னபேக்கர் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலை இழந்த தொழில்முறைப் பணியாளர்கள், ஐந்து நாள் தொடர்ந்து நாளுக்கு 20 நிமிஷம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதினார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இலக்கணம் பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், கிழித்துப் போட்டாலும் சரி. இது பேனல் பக்கம் சொன்ன நோட்டு இல்லை, இரண்டையும் கலக்கவேண்டாம். ஒன்றில் ஆற்றாமை, மற்றதில் கணக்கு.

கல்யாண வீட்டில் "தம்பி, வேலை என்னாச்சு?" என்பதற்கு ஒரே வாக்கியம் தயாராக வைத்திருங்கள்: "ரெண்டு மூணு இடத்துல நடந்துட்டிருக்கு மாமா, ஆனதும் சொல்றேன்." அதற்குமேல் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், அது வெறும் இன்டர்வியூ பயம் இல்லை. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள்.

மாக் பயிற்சி

நடுக்கத்துக்குப் ப்ரோப்ரனலால் மாத்திரை போடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆலோசனை அறை பதில் சொன்னால் நல்லது.

ஆலோசனை அறை

இதயத்துடிப்பையும் கைநடுக்கத்தையும் அது குறைக்கும், உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கி ஆபத்தாகும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு மயக்கம் வரலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும் அறிகுறி தெரியாமல் மறைந்துபோகும். நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடவேண்டாம் தம்பி. டாக்டர் பார்த்து எழுதித் தந்தால், இன்டர்வியூ இல்லாத ஒரு நாளில் முதலில் போட்டுப் பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.