மீன் சட்டியை உருட்டும் பூனை: எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் பூனை குட்டானுக்கு இப்போது மூன்று வயது. நாகர்கோவிலில் வாரத்துக்கு நாலு நாள் மீன் வாங்குகிற வீடு, கேட்கவா வேண்டும். மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே வாசலுக்கு ஓடும், நான் அருவாமனை முன்னால் உட்கார்ந்தால் முழங்காலை ஒட்டி உட்காரும், அதுவரைக்கும் சரி. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுத்து வைத்த சங்கராவில் இரண்டு துண்டைக் காணோம், மூடியிருந்த எவர்சில்வர் தட்டு தரையில் கிடக்கிறது. மறுநாள் ஒளிந்து நின்று பார்த்தேன். முன்னங்காலைத் தட்டின் விளிம்புக்கு அடியில் விட்டு, சத்தம் வராமல் மெல்ல நகர்த்தி, நகம் நுழைகிற அளவு இடைவெளி கிடைத்ததும் நிறுத்தி, என் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் தள்ளியது.

திட்டினேன், தண்ணீர் தெளித்தேன். நான் இருக்கும்போது மேடைக்கு வராது, அந்தப் பக்கம் போனால் ஏறிவிடும். இரண்டு வாரம் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் வரவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது, அதோடு தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அதன் சாப்பாட்டை யோசித்தேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, அதுவும் பெரும்பாலும் தயிர்சோறு. எலி, பல்லி என்று நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகத் தின்கிற பிராணி, கறியும் மீனும் இல்லாமல் அதன் உடம்பு தாங்காது, டாரின் என்கிற சத்து அதிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பசியோடு இருந்தால் சட்டியை உருட்டாமல் என்ன செய்யும்? இப்போது நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக: பூனைத் தீவனம், மீன் வாங்கும் நாளில் உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன். முக்கியமாக, நாங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் அதற்கு வைத்துவிடுவோம்.

இதைவிடப் பெரிய வேலை அத்தையோடுதான். தட்டோரத்தில் ஒரு துண்டு எடுத்து வைத்துவிடுவார்கள், "வாயில்லா ஜீவன்மா, பார்த்துக்கிட்டே நிக்குது" என்பார்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், குழம்பில் ஊறின மீனும் அதில் சேர்த்திதான் என்று சொன்னதும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். இப்போது கொல்லைப்புறத்தில் அவர்கள் கையாலேயே நேரத்துக்கு வைக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சந்தோஷம். முதல் ஐந்தாறு நாள் கத்தல் குறையவே இல்லை, கூடியது, காலைப் பிறாண்டியது. நாலாம் நாள் வீட்டுக்காரர் மனசு கேட்காமல் ஒரு துண்டு போட, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பத்து தடவை கெஞ்சி ஒரு தடவை கிடைத்தாலே போதும், நாளைக்கு இருபது தடவை கெஞ்சும். மூன்றாவது வாரம் நாங்கள் சாப்பிடும்போது திண்ணையில் தூங்க ஆரம்பித்தது.

—

குட்டான் கதையைப் படித்தேன், எங்கள் வீட்டு அனுபவம் வேறு மாதிரி. பதினோரு வயசு, ஒரு நாளும் திருடாத பூனை, திடீரென்று குப்பைக்கூடையைக் கிளற ஆரம்பித்தது, எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போனது. பேராசை என்று நினைத்து ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று தெரிந்தது, மாத்திரையில் சரியாக இருக்கிறது. வயசான பூனைக்குத் திடீர்ப் பசி வந்தால் பழக்குவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குடற்புழு, சர்க்கரை நோய் இருந்தாலும் இப்படித்தான் பசிக்கும்.

—

அக்கா, எங்கள் ஆச்சி வீட்டில் மீன் சட்டி உறியில் தொங்கும், அதனால் பூனையை யாரும் திட்டி நான் கேட்டதே இல்லை. என்னிடம் உறி இல்லை, வறுத்ததை ஆறியதும் வலைக்கதவு அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். அடுக்களை வாசலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, என் பூனை அதில் உட்கார்ந்தால் மட்டும் ஒரு சின்னத் துண்டு, மேடைப் பக்கம் வந்தால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. பழக ஒரு மாதம் ஆனது. நேற்று நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன், தானாகப் போய்ச் சாக்கில் உட்கார்ந்து வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டது. நாலு நெத்திலியை வேகவைத்து, ஆறவைத்து, அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.