பொருள்: ‘ரிலாக்சேசன்’ – கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கல்லடியிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:
வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நியூற்றனின் குளிரல் விதியைப் பிள்ளைகள் அறிவார்கள்: சூழலோடு வெப்பநிலை வித்தியாசம் கூடினால் குளிரும் வேகமும் அதே விகிதத்தில் கூடும். சூழலோடு வெப்பநிலை வித்தியாசம் சிறிதாக உள்ளவரை அது சரி. சமநிலையிலிருந்து வெகுதூரம் விலகிய தொகுதி எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் என் அத்தியாயம். 2024இல் ‘நேச்சர் பிசிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்றில், லேசர் ஒளியால் பிடித்து வைத்த நுண்துகளில் இதை அளந்தார்கள். சமநிலைக்கு இரு பக்கமும் சமதொலைவில் தொடங்கினால், சூடாதல் குளிர்தலைவிட விரைவு. இரண்டும் ஒரே பாதையில் போவதுமில்லை. ஆங்கிலத்தில் ‘ரிலாக்சேசன்’ என்கிற இந்தத் திரும்பி வருதலுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

களுவாஞ்சிகுடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது: ‘ஆறல்’. சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், களைப்பும் ஆறும். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதுதான். தன்வினை ஆறு, பிறவினை ஆற்று, விகுதிக்குப் பஞ்சமில்லை. வந்தாறுமூலையை ‘வந்து ஆறிய மூலை’ என்று பிரிப்பவர்களும் உண்டு. நம் கிழக்குப் பல்கலைக்கழகமே அந்த ஊரில்தானே இருக்கிறது!

ஒலுவிலிலிருந்து:
சேர், அந்த ‘ஆறு’ நீரோடும் ஆறாக இருந்தால்? அது கிடக்கட்டும். தமிழ்நாட்டில் ‘தளர்வு’, ‘தளர்வு நேரம்’ என்று எழுதுகிறார்கள். நாமும் அதையே எடுப்போம். பிள்ளை இணையத்தில் தேடினால் ஏதாவது அகப்பட வேண்டாமா?

கல்லடியிலிருந்து:
தளர்வு என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஊரடங்குத் தளர்வுதான் நினைவுக்கு வரும். ‘ஆறல்’ அழகு, ஐயா. ஆனால் குளிர்ந்து கிடந்த துகள் சூடேறி வருவதை எப்படி ஆறல் என்பது? சூடாதலும் குளிர்தலும் ஒன்றல்ல என்று காட்டத்தான் இந்த அத்தியாயமே. தலைப்பே குளிர்தல் பக்கம் சாய்ந்தால் பாடம் கெட்டுவிடும். ‘தணிவு’க்கும் இதே குறை. ‘மீள்வு’ போட்டால் மீள்தன்மையோடு குழப்புவார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சமநிலையை நாடிப் போவதால் ‘சமநாடல்’? புணர்ச்சி சரியாக வேண்டும் என்றால் சமன் + நாடல் = ‘சமனாடல்’.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
புணர்ச்சி சரி. பொருள்தான் ஆபத்து. நிகண்டு படித்தவனுக்குச் சமன் என்றால் யமன். சமன் + ஆடல் என்று பிரித்தானானால் உங்கள் கையேட்டில் கூற்றுவன் கூத்தாடுவான். அதோடு ‘சம’ வடசொல். ‘ஒப்புநிலை’ என்று தொடங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒலுவிலிலிருந்து:
பாடநூல் முழுக்கச் சமநிலை என்றுதான் இருக்கிறது. ஒரு கையேட்டுக்காக அதையும் மாற்றுவதா சேர்? பரீட்சைத் தாளில் ஒப்புநிலை என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி யார் போடுவது?

கல்லடியிலிருந்து:
நாளை வெள்ளி. ‘சமநிலை நாடல்’ என்று பிரித்தே எழுதுகிறேன், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘தளர்வு’. நீளந்தான், ஆனால் மேலிருந்து நாடல், கீழிருந்து நாடல் என்று இரு பக்கத்துக்கும் எழுத முடிகிறது. மூன்று பேர் தனிமடலில் ‘சரி, போடுங்கள்’ என்றார்கள். அவர்களும் களைத்துவிட்டார்கள் போல.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
நான் உடன்படவில்லை என்பதைப் பதிந்து வையுங்கள். இரண்டு சொல் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் அல்ல.

அக்கரைப்பற்றிலிருந்து:
இன்னொன்று கேட்கலாமா? 1963இல் சூடான ஐஸ்கிறீம் கலவை முதலில் உறைந்ததைக் கண்ட தான்சானியா மாணவர், 1969இல் பௌதிகவியலாளர் ஒஸ்போர்னோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், அவரும் கையேட்டில் வருகிறார்தானே? சூடானது முந்தி உறைவது தண்ணீரில் உண்மையா என்ற சண்டை ஓயவில்லை. 2020இல் நீரில் மிதக்கும் நுண்துகளில், சூடானது முந்திக் குளிரும் அதே விளைவைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த மாணவரின் பெயரை ‘ம்பெம்பா’ என்று எழுதுவதா, ‘எம்பெம்பா’ என்றா?

களுவாஞ்சிகுடியிலிருந்து:
மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ‘இம்பெம்பா’.

ஒலுவிலிலிருந்து:
அது ஒரு மனிதரின் பெயர், சேர்!