மறு: யுஸமஷி – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'குளிர்கலம்' போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா.

சுருக்கம்தான். ஆனால் யுஸமஷி, ஜப்பானியத் தேநீர் போடுமுன் கொதித்த நீரை ஆற்றும் கலம். அதில் எதுவும் குளிர்வதில்லை. கொதித்த நீர் 70, 80 டிகிரிக்கு இறங்குகிறது, அவ்வளவே. விரல் வைத்தால் சுடும். இதற்கென்றே 'ஆற்றுதல்' நம்மிடம் இருக்கும்போது குளிரை ஏன் கூப்பிட வேண்டும்? ஜப்பானியச் சொல்லின் பொருளும் அதுதான்: 'யு' வெந்நீர், 'ஸமஷி' ஆற்றுவது.

பார்க்காதவர்களுக்காக: குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பெரிதாக்கியது போன்ற பீங்கான் பாத்திரம். மூடி கிடையாது, அகன்ற வாய், ஓரத்தில் ஒரு மூக்கு. கொதித்த நீரை முதலில் இதில் ஊற்றி, அப்புறம்தான் இலை போட்ட கியூசுவில், அதாவது தேநீர்க் கெண்டியில், விடுவார்கள். ஒருமுறை பாத்திரம் மாறினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். நம் டீக்கடையில் ஆற்றுவது போட்ட டீயை. இங்கே ஆற்றுவது இலையை இன்னும் தொடாத நீரை. அதனால் சொல்லில் வெந்நீர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இப்படி ஆற்றுவதில்தான் சுவையே இருக்கிறது. இலையில் இனிமை தரும் 'தியனின்' என்ற அமினோ அமிலம் மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்ப்பைத் தரும் கேட்டெக்கின்கள் என்ற பொருள்கள் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக இறங்கும். நிழலில் வளர்த்த கியோகுரோ என்ற பச்சைத் தேயிலைக்கு 50, 60 டிகிரியே போதும் என்பது இதனால்தான். நேற்று சென்ச்சா என்ற பச்சைத் தேயிலை ஒன்றையே இரண்டு விதமாகப் போட்டேன். கொதிநீரில் போட்டது நாக்கை இழுத்துப் பிடித்தது. 70 டிகிரியில் ஒரு நிமிடம் ஊறியதில் பயறு வேகவைத்த நீரின் இனிப்பு. துவர்ப்பு கடைசியில் தொண்டையில் லேசாகத் தட்டியது, அவ்வளவே.

மற்ற பரிந்துரைகள்: 'ஆற்றுக்கலம்' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் ஆற்றில் போகும் படகு என்றும் படிக்க இடமிருக்கிறது. 'நீராற்றி' நீராற்றலை நினைவூட்டும். 'வெப்பமாற்றி' வேண்டவே வேண்டாம், பொறியியலில் அது வேறு கருவி.

ஆகவே 'வெந்நீராற்றி'. வடிகட்டி, சூடேற்றி வரிசையில் இயல்பாக உட்காருகிறது. புழங்கப் புழங்க 'ஆற்றி' என்றே சுருங்கிவிடும். ஜப்பானியத்தில் ஆறிய நீரையும் யுஸமஷி என்பார்கள். அந்தப் பொருளுக்கு 'ஆறின வெந்நீர்' என்று தனியாகவே போட்டுவிடலாம்.

சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் 'எல்லா ஜப்பானியத் தேநீருக்கும் தேவை' என்று மட்டும் எழுத வேண்டாம். வறுத்த ஹோஜிச்சாவுக்குக் கொதிநீரை நேராகவே ஊற்றுவார்கள்.