20 நிமிடத்தில் 40 ஜிபியா? நெட்வொர்க் பூட் மீட்பு பற்றிய விவாதம்

குடமுருட்டி:
பாமணி போன வாரம் இந்த மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வைரஸ் புகுந்து 30 கணினிகள் படுத்துவிட்டனவாம். பென் டிரைவையே தொடாமல், நெட்வொர்க் பூட் மூலம், அதாவது கணினியை நெட்வொர்க் வழியாகவே எழுப்பி, வட்டை நகலெடுத்து மீட்கும் குளோன்ஸில்லா மென்பொருளை ஏற்றி, பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றையும் 20 நிமிடத்தில் மீட்டாராம். ஒரு கணினிக்கு 40 ஜிபி என்று அவரே சொல்கிறார். கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றும் அவரே சொல்கிறார்.

கணக்குப் போடுங்கள். 8 பிட் ஒரு பைட், ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்). ஏட்டுக் கணக்கிலேயே 40 ஜிபி போய்ச் சேர 53 நிமிடம் வேண்டும். நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி கிடைத்தால் பெரிது. ஆக ஒரு மணி நேரம். 20 நிமிடம் எங்கிருந்து வந்தது? இதை நம்பி, நெல் கொள்முதல் நேரத்தில் கொள்முதல் நிலையக் கணினிக்கு யாராவது காலை 9 மணிக்கு மீட்பைத் தொடங்கினால், மூட்டையோடு வரிசையில் நிற்கும் விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

பாமணி:
20 நிமிடம் என்று எழுதினேன், 20 நிமிடம்தான் ஆனது. ஆய்வகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். குளோன்ஸில்லா வட்டு முழுவதையும் அள்ளாது. பயன்பாட்டில் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துச் சுருக்கி வைக்கும். கம்பியில் போவது சுருக்கிய இமேஜ், அதாவது வட்டின் நகல். அது விரிவது கணினிக்குள் போன பிறகுதான். ஒவ்வொரு கணினியாகப் பென் டிரைவ் செருகிப் பழகிய தம்பிக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும்.

குடமுருட்டி:
தம்பி என்று என்னை அழைக்க வேண்டாம். 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சுருக்கினால் பாதியாகும் என்றே வைத்துக்கொள்வோம். 20 ஜிபி. அதற்கே அரை மணி நேரம். 20 நிமிடம் வராது.

வெட்டாறு:
நான் ஒன்று சொல்கிறேன். நெட்வொர்க் பூட்டில் கோப்பை அனுப்பும் முறையான டிஎஃப்டிபி ஒரு முறைக்கு 512 பைட்தான் அனுப்பும். பதில் வந்த பிறகே அடுத்த துண்டு. துண்டுகளின் எண்ணும் 65,535-உடன் முடிந்துவிடும், அதனால் 32 எம்பிக்கு மேல் போகாது. 40 ஜிபியை நெட்வொர்க் பூட்டில் மீட்டேன் என்பதே பொய்.

வெண்ணாறு:
வெட்டாறு அவர்களே, அது 1992-இல் எழுதிய விதியின்படி சரி. துண்டின் அளவைக் கூட்டிக்கொள்ளும் வசதி 1995-லேயே வந்துவிட்டது. அதோடு, டிஎஃப்டிபி சுமப்பது பூட் கோப்பு, கெர்னல் (இயங்குதளத்தின் கரு) போன்ற சிறியவற்றைத்தான். கெர்னல் எழுந்து நின்ற பிறகு இமேஜ் வருவது என்எஃப்எஸ் அல்லது சாம்பா என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பாமணி அவர்களிடம் ஒரு கேள்வி. 40 ஜிபி என்பது எது? ஹார்ட் டிஸ்கின் அளவா, அதில் நிரம்பியிருந்ததா, சுருக்கிய இமேஜா? அதைச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

வெட்டாறு:
டீச்சர் வகுப்பெடுக்க வந்துவிட்டார். நான் சொன்ன 512 தவறா, சரியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
டீச்சர், எந்த 40 ஆக இருந்தாலும் 20 நிமிடம் வராது.

பாமணி:
எந்த 40 ஆக இருந்தாலும் ஆனது 20 நிமிடம்தான்.

அரசலாறு:
இங்கே எல்லோரும் நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எனக்குக் கணினி பூட் ஆவதே பாடாக இருக்கிறது. கறுப்புத் திரையில் டிஎச்சிபி (கணினிக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் முறை) என்று எழுதி, புள்ளி புள்ளியாக ஓடி, கடைசியில் பிஎக்ஸ்இ-இ51 என்று நின்றுவிடுகிறது. முகவரி கொடுக்க யாரும் முன்வரவில்லை என்று பொருள். அரை நாள் தேடினேன். கம்பியை எலி கடித்திருந்தது! அறுப்பு முடிந்ததும் வயலை விட்டு எலி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வேறொரு இடத்தில் எட்டு இழைகளில் நான்கு மட்டும் மிஞ்சியிருந்தன. அதில் கிகாபிட் வராது, 100-க்கு இறங்கிவிட்டது.

கம்பியைச் சரிசெய்த பிறகும் புதிய கணினி வரவில்லை. பழைய பயாஸ் வகைக் கணினிக்கு உரிய பூட் கோப்பையே புதிய யுஇஎஃப்ஐ வகைக் கணினிக்கும் அனுப்பியிருக்கிறேன். டிஎச்சிபியின் 93-ஆம் குறிப்பைப் பார்த்து, எந்த வகைக் கணினி கேட்கிறது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பாமணி எழுதவில்லையே?

பாமணி:
எங்கள் ஆய்வகத்தில் எல்லாம் ஒரே வகைக் கணினி. அதனால் எழுதவில்லை.

குடமுருட்டி:
பேச்சை மாற்றாதீர்கள். 30 கணினிக்கும் 20 நிமிடம் என்கிறார். சர்வரிலிருந்து சுவிட்சுக்கு வருவது ஒரே கம்பி. ஒரு வாய்க்காலில் 30 மடையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும்? டெல்டாவில் பிறந்தவருக்கு இதையும் நான் சொல்லித்தர வேண்டுமா?

பாமணி:
முறைப்பாசனம் எனக்கும் தெரியும். நான் அனுப்பியது மல்டிகாஸ்ட். சர்வர் ஒரு முறைதான் அனுப்பும், 30 கணினியும் அதே ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் உவமை இதற்குப் பொருந்தாது.

குடமுருட்டி:
மல்டிகாஸ்டில் இருப்பதிலேயே மெதுவான கணினியின் வேகத்துக்குத்தான் மற்ற 29-உம் காத்திருக்கும். பழைய வட்டு ஒன்று இருந்தால் போதும், எல்லாம் தவழும். 20 நிமிடம் இன்னும் தள்ளித்தான் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வருவதற்கு முன்பு, பேக்கப்பை வேறு ஊரில் ஒரு பிரதி வையுங்கள் என்று நான் எழுதினேன். அப்போது என்னைக் கேலி செய்தவர் இவர். சர்வருக்குப் பக்கத்திலேயே பேக்கப் வட்டை வைத்திருந்தார். கூரை பறந்து இரண்டும் ஒன்றாக நனைந்தன. அன்று நெட்வொர்க்கும் இல்லை, பூட்டும் இல்லை.

பாமணி:
கஜாவை இங்கே இழுக்காதீர்கள். பல நாள் மின்சாரம் இல்லாமல், விழுந்த தென்னை மரங்களுக்கு நடுவே நாங்கள் கிடந்தோம். உங்கள் கடையில் ஒரு ஓடுகூட நகரவில்லை. அந்த நேரத்தில் ஒரு இன்வெர்ட்டர் கேட்டதற்கு நீங்கள் என்ன விலை சொன்னீர்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

குடமுருட்டி:
வாங்கிய விலைக்கு மேல் 100 ரூபாய்கூட நான் வைக்கவில்லை! ரசீது இருக்கிறது. என் நாணயத்தைத் தொட்டுப் பேசினால் நானும் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன்.

அரசலாறு:
அண்ணன்மாரே, இன்வெர்ட்டர் விலையை வேறு திரியில் பேசுங்கள். பிராட்பேண்ட் மோடமும் முகவரி கொடுக்கிறது, என் சர்வரும் கொடுக்கிறது. இரண்டும் மோதுகின்றன. மோடத்தைத் தொட உரிமையாளர் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வெண்ணாறு:
சர்வரை ப்ராக்ஸி டிஎச்சிபியாக மாற்றுங்கள். முகவரியை மோடமே கொடுக்கட்டும், பூட் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உங்கள் சர்வர் சொல்லட்டும். மோடத்தைத் தொட வேண்டியதில்லை.

பாமணி அவர்களே, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இமேஜ் வைத்திருக்கும் கோப்புறையின் அளவு என்ன? அது 13 அல்லது 14 ஜிபி என்றால் 20 நிமிடக் கணக்கு சரியாக வருகிறது.

வெட்டாறு:
512 பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாமணி:
கோப்புறையின் அளவை எதற்காக நான் காட்ட வேண்டும்? என் சொல்லை நம்பாதவருக்கு எண்ணைக் காட்டி என்ன பயன்? சனிக்கிழமை மன்னார்குடிக்கு வரட்டும். கண் முன்னே ஓட்டிக் காட்டுகிறேன்.

குடமுருட்டி:
நான் எதற்கு வர வேண்டும்? 20 நிமிடம் என்று சொன்னவர் அவர். அந்த சுவிட்சையும் ஒரு கணினியையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வரட்டும். என் மேசையில், என் கடிகாரத்தில் ஓட்டட்டும். 40 ஜிபி, 100 எம்பிபிஎஸ், 53 நிமிடம். அதற்குக் குறைந்து ஒரு நிமிடம்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.