மார்ஜினுக்குத் தமிழ்: ஈற்றுக்கோடா, முடிகோடா, சீவுகோடா?

க.மு. (மொழிபெயர்ப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பல் மருந்தகங்கள் (கிளினிக்குகள்) செயற்கைப் பல் செய்யும் லேப்புக்கு அனுப்பும் பணிச்சீட்டையும், அதை நிரப்பும் முறையைச் சொல்லும் இரண்டு பக்க விளக்கத்தையும் தமிழில் தர வேண்டும். மற்ற மூன்று மொழிகளும் தயார். நம்முடையது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

ஒரே சொல்லில் நிற்கிறேன்: மார்ஜின். மூலத்தில் அது இரண்டு பொருளில் வருகிறது. கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடுவதற்காக மருத்துவர் பல்லைச் சீவுகிறார். அந்தச் சீவல் போய் நிற்கும் கோடு ஒன்று. லேப் செய்து அனுப்பும் கேப்பின் ஓரம் மற்றொன்று. இரண்டுக்கும் 'விளிம்பு' என்று போட்டுவிடலாமா?

செ.வே. (லேப்) எழுதியது:

போட்டுடாதீங்க தங்கச்சி, சண்டையே அங்கேதான். "மார்ஜின் சரியில்லை" என்று மருந்தகத்திலிருந்து போன் வரும். எந்த மார்ஜின்? பல்லில் இருப்பதா, கேப்பில் இருப்பதா? அது தெரிந்தால்தான் யார் திருத்துவது என்று தெரியும்.

கோட்டை ஒட்டி ரத்தமோ ஈரமோ இருந்தால் அச்செடுக்கும் சிலிக்கோன் அங்கே ஓடாது. இம்ப்ரெஷனில் (பல்லின் அச்சில்) குமிழி விழும், இல்லை கிழியும். அதில் ஊற்றிய டையில் (சீவிய பல்லின் மாதிரியில்) கோடு மழுங்கி நிற்கும். டெக்னீஷியன் சிவப்புப் பென்சிலை எடுத்து ஊகத்தில் ஒரு கோடு இழுப்பார். ஊகம் வெளியே தள்ளினால் கேப் நீட்டிக்கொண்டு நிற்கும். ஃப்ளாஸ் (பல்லிடுக்கு நூல்) சிக்கும், ஈறு வீங்கும். உள்ளே தள்ளினால் கேப் குட்டை; இடைவெளியில் சிமெண்ட் கரைந்து சொத்தை நுழையும்.

இம்ப்ரெஷனுக்குப் பதில் ஸ்கேன் வந்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். கேமரா பார்க்காததை மென்பொருள் எப்படிப் பார்க்கும்? தானே கோடு போடச் சொன்னால் ஈற்றின் மேட்டில் ஏறி ஓடும். எஸ்டிஎல் வகை ஸ்கேன் கோப்பில் நிறமும் கிடையாது. நிறமும் சேரும் பிஎல்ஒய் கோப்பு அனுப்பினால் பல் எது, ஈறு எது என்றாவது தெரியும்.

கேப் செய்யும் ஸிர்க்கோனியா பீங்கான் சூளையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு சுருங்கும். அந்தக் கணக்கில் பெரிதாகக் கடைகிறோம். சூளையை விட்டு வந்தபின் ஓரத்தை நீட்ட முடியாது. அதனால் "கோடு இங்கே தெரியவில்லை, படம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கடைவதற்கு முன்பே கேட்க சீட்டில் ஒரு கட்டம் வேண்டும். சொல்லைவிட அது முக்கியம்.

ஆசிரியர் இ. எழுதியது:

சொல் கைவசம் இருக்க ஏன் தேட வேண்டும்? 'ஈற்றுக்கோடு'. சொல்லின் முடிவை உயிரீறு, மெய்யீறு என்கிறோம். இறு என்பது ஈறு ஆனது முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு, கேடு ஆனதைப் போல. சீவல் இறும் இடம் ஈறு. பல் தசைக்குள் போய் மறையும் இடத்துக்கும் நம் முன்னோர் ஈறு என்றே பெயரிட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

டாக்டர் நா. எழுதியது:

ஐயா, வேர் அழகாக இருக்கிறது, ஆனால் சீட்டில் ஆபத்து. கோடு ஈற்றுக்கு மேலே இருக்கலாம், சமமாக இருக்கலாம், அரை மில்லிமீட்டர் கீழேயும் போகலாம். சீட்டு கேட்கும் கேள்வியே அதுதான். 'ஈற்றுக்கோடு ஈற்றுக்குக் கீழே' என்று நான் எழுதினால் லேப்பில் என்ன புரிந்துகொள்வார்கள்?

ஆசிரியர் இ. எழுதியது:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் படித்த எந்த மாணவனும் பல் மருத்துவரிடம் ஓடியதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்வார்கள்.

கோவையிலிருந்து ப. எழுதியது:

'வரம்பு' இருக்கிறதே. வரை என்றால் கோடு, எல்லை, மலை. வரைதல், வரையறை, வரம்பு, வரப்பு எல்லாம் ஒரு குடும்பம். 'வரப்புயர' என்று ஔவை வாழ்த்தியதும் இதைத்தான். பல்லைச் சுற்றி ஷோல்டர் (படி மாதிரி) வெட்டினால் அது வரப்பு மாதிரியேதானே நிற்கிறது.

இன்னொன்று. அங்கே கிளினிக்கை மருந்தகம் என்கிறீர்கள். இங்கே மருந்தகம் என்றால் மருந்துக்கடை. விளக்கம் இந்தப் பக்கம் வந்தால் பல் பிடுங்க மருந்துக்கடைக்குப் போவார்கள்.

க.மு. எழுதியது:

அண்ணே, சீட்டு சிங்கப்பூரை விட்டுப் போகப்போவதில்லை. பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

ர.சு. (கிளினிக் உதவியாளர்) எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்தச் சீட்டை நிரப்பி, பையில் போட்டு, லேப் ஆளிடம் கொடுப்பது நாங்கள்தான். எங்கள் வாயில் மார்ஜின்தான். வானொலியில் பெருவிரைவு ரயில் என்கிறார்கள், ஏறும்போது எம்ஆர்டி என்கிறோம். மார்ஜின் 1, மார்ஜின் 2 என்று போட்டால் என்ன?

ஆசிரியர் இ. எழுதியது:

அதே ஊரில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்றும் சொல்கிறோம், மத்திய சேமநிதியை மசேநிதி என்றும் சொல்கிறோம். அவையும் ஒரு நாள் யாரோ அச்சில் ஏற்றியவைதாம். அச்சேறாத சொல் வாய்க்கு வராது. 'மார்ஜின் 2' தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

டாக்டர் நா. எழுதியது:

என் பங்குக்கு: 'முடிகோடு'. சீவல் முடிந்த, முடிகின்ற, முடியும் கோடு. வினைத்தொகை. இலக்கணத்துக்குப் பழுதில்லையே ஐயா?

செ.வே. எழுதியது:

டாக்டர், கேப்புக்கு விளக்கத்தில் 'பல்முடி' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 'முடிக்கோடு' என்பது கேப்பின் கோடு, 'முடிகோடு' என்பது பல்லின் கோடு. ஒரு க் போட்டால் பொறுப்பு என்னுடையது, போடாவிட்டால் உங்களுடையது. மாலை ஆறு மணிக்கு அவசரமாகச் சீட்டு நிரப்பும் பிள்ளை சந்தி பார்த்தா எழுதும்?

பொறுப்பைச் சொல்லால் பிரிப்பதற்கு முன் கையால் பிரிக்கலாம். கேப் உட்காரவில்லை என்றால் உடனே மார்ஜினைப் பழிக்க வேண்டாம். முதலில் பக்கத்துப் பற்களோடு தொடும் இடத்தை ஃப்ளாஸ் விட்டுப் பாருங்கள். அங்கே இறுக்கமாக இருந்தால் கேப் பாதியில் தொங்கும். பார்ப்பவருக்கு ஓரம் திறந்த மாதிரியே இருக்கும். அடுத்து கேப்பின் உட்புறம் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேப்பை டையில் வைத்துப் பாருங்கள். டையிலும் இடைவெளி என்றால் எங்கள் தப்பு. டையில் பொருந்தி வாயில் பொருந்தாவிட்டால் இம்ப்ரெஷனைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் கேப்பை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள், டையோடு அனுப்புங்கள் என்கிறோம். இதை விளக்கத்தில் சேர்க்க முடியுமா தங்கச்சி?

க.மு. எழுதியது:

சேர்த்துவிட்டேன் அண்ணே. இன்னொரு சிக்கல் இப்போதுதான் கண்ணில் பட்டது. முழுப் பல்செட்டை மெழுகில் வைத்துப் பார்க்கும் பகுதியில், நோயாளியை ஆங்கிலத்தில் ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை எண்ணச் சொல்லியிருக்கிறது. அப்படியே பெயர்த்துவிட்டேன். சரிதானே?

டாக்டர் நா. எழுதியது:

சரியில்லை. நல்லவேளை கேட்டீர்கள். ஆங்கில எண்ணில் 'ஃப்' ஒலி இருக்கிறது. மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் தொடுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அதைச் சொல்ல வைக்கிறோம். 'ஐம்பத்தைந்து' என்றால் உதடும் உதடும் சேரும், பல்லுக்கு வேலையே இல்லை. அடுத்த வரியில் வரும் அறுபதுகளிலும் இதே கதை. அது 'ஸ்' ஒலிக்காக: மேல் கீழ் முன்பற்கள் நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. முட்டிச் சத்தம் கேட்டால் கடி உயரம் கூடிவிட்டது என்று பொருள்.

ஆசிரியர் இ. எழுதியது:

'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லிவைத்திருக்கிறாரே! வவ்வால், அவ்வப்போது, வெவ்வேறு என்று சொல்லச் சொல்லுங்கள். ஸ் ஒலிக்கு ஊசி, காசு, வாசல்.

செ.வே. எழுதியது:

ஐயா, முதல் தடவையாக லேப்புக்குப் பயன்படுகிற மாதிரி இலக்கணம் சொல்லியிருக்கிறீர்கள். கூடவே, "பேச்சு சரியில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாமல் "முன்பல் 1 மி.மீ. கீழே இறக்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். மெழுகில் இருக்கும்வரை நகர்த்தலாம். அக்ரிலிக் (பல்செட்டின் பிளாஸ்டிக்) வெந்தபின் பல்லைப் பெயர்த்துத்தான் மறுபடி வைக்க வேண்டும்.

மார்ஜினுக்கு நான் சொல்வது: பல்லில் 'சீவுகோடு', கேப்பில் 'கேப் விளிம்பு'.

ஆசிரியர் இ. எழுதியது:

சீவுகோடு என்றால் வகிடு என்பார்கள்.

ர.சு. எழுதியது:

வகிடு என்று நினைத்துக்கொண்டு யாரும் பல் மருந்தகத்துக்கு வர மாட்டார்கள் ஐயா. இடம் நோக்கிப் பொருள் கொள்வார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

டாக்டர் நா. எழுதியது:

சீவுகோட்டுக்கு என் ஓட்டு. ஒரு திருத்தம்: 'விளிம்பு' மட்டும் தனியாக எங்கும் வரக் கூடாது. முன்பல்லின் நுனியையும் வெட்டுவிளிம்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் 'கேப் விளிம்பு' என்று சேர்த்தே எழுதுங்கள்.

கோவையிலிருந்து ப. எழுதியது:

வரம்பை யாரும் மறுக்கவே இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

க.மு. எழுதியது:

பதிவாகிவிட்டது அண்ணே. மூன்று பேர் சீவுகோடு, ஆசிரியர் ஐயா ஈற்றுக்கோடு, ப. அண்ணன் வரம்பு. அச்சுக்கு இப்படிப் போகிறது: 'சீவுகோடு (பல்லின் மார்ஜின்)', 'கேப் விளிம்பு (கேப்பின் மார்ஜின்)'. கட்டம்: ஈற்றுக்கு மேலே / சமம் / கீழே. அடுத்த கட்டம்: 'கோடு தெளிவில்லை, கடையும் முன் அழைக்கவும்'.

ஆசிரியர் இ. எழுதியது:

அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் எல்லோரும் படிக்கப்போகிறார்கள். இருக்கட்டும், அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

செ.வே. எழுதியது:

தங்கச்சி, நிறப் பகுதியில் ஷேட் ஒன்றுதான் இருக்கிறது. கேப்புக்குக் கேட்கும் நிறம் ஏ2 (நிற அட்டவணைக் குறியீடு) என்பார்கள். அடியில் சீவிய பல் கறுத்திருந்தால், ஒளி ஊடுருவும் பீங்கானில் அது தெரிந்துவிடும். அதையும் தனியாகக் குறிக்க வேண்டும். ஸ்டம்ப் ஷேட் என்போம். அதற்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து ப. எழுதியது:

'அடிநிறம்'. ஆனால் 'நிறம்' என்பதற்குச் சங்கத் தமிழில் மார்பு என்றும் பொருள் உண்டு, அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்...